பெண் வீட்டு ஹோலில் ஃப்ளட் லைட்

மகனுக்கு,

ஸலாம் சொல்லித் தொடங்குகிறேன். அதற்குப் பிறகு இந்தக் கடிதத்தில் உனக்கு இதமாக எதுவும் இருக்காது. இதம் வேண்டுமென்றால் உன் உம்மாவுக்கு ஒரு கோல் எடு. நீ கேட்க விரும்புவதையெல்லாம் அவள் அழுதுகொண்டே சொல்லுவாள். "உம்மா, முன் ரூமக் கூட்டி வைங்க, வெள்ளிக்கிழம நான் அங்க வாறன்" என்று நீ அனுப்பிய வொய்ஸை எனக்குப் போட்டுக் காட்டினாள். முகத்தில் பெருநாள் வந்த மாதிரி ஒரு சந்தோஷம். நீ வரக்கூடாது. வெள்ளிக்கிழமையும் வரக்கூடாது, அதற்குப் பிறகும் வரக்கூடாது. இதைக் கோலில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுவாய், நேரில் சொன்னால் உன் உம்மா நடுவில் வந்து நிற்பாள், அதனால்தான் எழுதுகிறேன். உறையையும் ஒட்டவில்லை. உன்னைத் தங்க வைத்திருக்கிற கூட்டாளியும் படிக்கட்டும், சாய்ந்தமருதில் உன் பெண்சாதியும் படிக்கட்டும். உன் மாமி கேட்க ஆசைப்பட்டால் யாராவது வாசித்துக் காட்டட்டும், அவருடைய கண் இன்னும் ஆறவில்லை.

நான் கல்முனை மெயின் வீதியில் பல்ப் விற்கிறவன். கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் கேட்பார்கள்: "நல்லா எரியிற ஒன்டு தாங்க." நான் திருப்பிக் கேட்கிறதும் ஒன்றுதான்: "எங்க போட? அந்த இடத்தில ஆரு இரிக்கிற?" பிள்ளை படுக்கிற அறைக்கும் மீன் காய வைக்கிற வாடிக்கும் ஒரே பல்பைக் கொடுக்க முடியாது. இந்தக் கேள்வியைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நீ. அதற்கு மேல் விஞ்ஞானம் படித்தாய், பள்ளிக்கூடத்தில் அதைப் படிப்பிக்கவும் செய்கிறாய். இலை வெளிச்சத்தில் எப்படி உணவு ஆக்குகிறது என்று பிள்ளைகளுக்குப் படம் கீறிக் காட்டுகிறாய். மனிதர்களின் கண்ணைப் பற்றியும் அதே புத்தகத்தில் ஒரு பாடம் இருந்திருக்கும், அந்தப் பக்கத்தை நீ தாண்டிப் போயிருக்க வேண்டும்.

உனக்கு எப்போதும் வெளிச்சம் காணாது, எவ்வளவு இருந்தாலும் போதாது. பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் ஒரு மட்டைப் பெட்டியில் கோழி முட்டைகளை அடுக்கி, மேலே பல்ப் போட்டுக் குஞ்சு பொரிக்க வைக்கிறேன் என்று நின்றாய். சின்ன பல்ப் ஒன்று தந்தேன். அது போதாதென்று கடையில் இருந்து பெரியதை எடுத்துப் போட்டாய், பெரிய பல்ப் போட்டால் கெதியாய்ப் பொரிக்குமாம். முட்டையெல்லாம் அவிந்து வீடு முழுக்க நாறியது. நீ என்ன செய்தாய்? "தங்கச்சி மூடியத் திறந்திட்டாள் வாப்பா" என்றாய். அவள் அந்தப் பெட்டியின் பக்கமே போகவில்லை என்று எனக்குத் தெரியும். உன் உம்மா அவளுக்கு ரெண்டு அடி போட்டாள், நீ பார்த்துக்கொண்டு நின்றாய். நான் அதைச் சின்னப் பிள்ளையின் புத்தி என்று நினைத்திருந்தேன். தாடி வைத்த பிறகும் அதே புத்திதான் என்று இப்போது தெரிகிறது.

உன் கண்ணாடித் தொட்டியை நான் குறை சொல்லவில்லை. மாவடிப்பள்ளி வயலோரத்து ஈர மணலில் இருந்து அழுகண்ணிச் செடியைப் பெயர்த்துக்கொண்டு வந்தாய். இலை முழுக்கப் பசைத் துளி, எறும்பு ஒட்டினால் விடாது. பிறகு கொழும்பில் இருந்து பார்சலில் குடுவைச் செடியும், இலையை வாய் மாதிரி மூடிப் பூச்சி பிடிக்கிற அந்தச் செடியும் வந்தன. பூச்சி தின்னும் செடி வளர்க்கிற மாப்பிள்ளை என்று உன் மாமி அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னார். முதலில் ஜன்னலோரம் வைத்தாய். மூடின கண்ணாடிக்குள் பின்னேர வெயில் இறங்கிப் பாதிச் செடி அவிந்தது. பிறகு ஹோலின் மூலைக்கு மாற்றினாய், அங்கே வெளிச்சம் இல்லை. அப்போதுதான் கடைக்கு வந்தாய்.

"வாப்பா, இலையெல்லாம் நீண்டு சோந்து போய்க் கிடக்கு. சிவக்குதுமில்ல, குடுவ வைக்குதுமில்ல. நல்ல லைட் ஒன்டு வேணும்" என்றாய். நான் நிதானமாகத்தான் சொன்னேன்: "பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளயா எரியிற எல்.ஈ.டி டியூப் ஒன்டு காணும். பெட்டியில ஆறாயிரத்தி ஐநூறு கெல்வின் எண்டு போட்டிரிக்கும், அதப் பாத்து எடு. செடிக்கு மேல ஒரு சாண் உசரத்தில கட்டு. மேலால ஒரு தகட்ட மூடு, வெளிச்சம் கீழ மட்டும் விழட்டும். காலமக்கி எரிஞ்சி பொழுது பட அணஞ்சி நூருற மாதிரி டைமர் ஒன்டு போடு. இலை சிவந்தாச் சரி, ஓரம் கருகினா லைட்ட உசத்து." நீ ஃபோனைத் தட்டி ஊதா லைட் ஒன்றைக் காட்டினாய். அதிலும் செடி வளரும், ஆனால் சிவந்ததா கருகியதா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் அணைக்க வேண்டும், தெருவால் போகிறவன் உள்ளே என்ன கூத்து நடக்கிறதென்று எட்டிப் பார்ப்பான் என்றேன். அதை விட்டாய். பிறகு கடையின் மேல் தட்டில் இருந்ததைக் காட்டினாய். மைதானத்தில் கம்பத்தில் கட்டுகிற ஃப்ளட் லைட். "வீட்டுக்குள்ளயா?" என்று கேட்டேன். "என்ட வீட்டுக்குள்ள நான் எதயும் போடுவன் வாப்பா" என்றாய். கடையில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். எதற்குச் சிரித்தார்கள் என்று உனக்கு விளங்கவில்லை.

விளங்கும்படி எழுதுகிறேன். நம்முடைய ஊர்களில் ஆண்பிள்ளைக்கு வீடு இல்லை. மகளுக்கு வீடு கட்டித்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். கலியாணம் முடிந்ததும் பெரிய வீட்டை அவளுடைய பெயருக்கு எழுதிவிட்டு வாப்பாவும் உம்மாவும் பின்னால் ஒரு சின்ன அறைக்குக் குடிபோவார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து அந்தப் பெரிய வீட்டில் இருப்பான். கோழிக்கறியில் நல்ல துண்டு அவனுக்கு, காற்று வருகிற பக்கத்துக் கட்டில் அவனுக்கு. அதில் மயங்கித்தான் உன்னைப் போன்ற மடையர்கள் அது தன் வீடு என்று நினைக்கிறார்கள். நானும் உன் உம்மாவின் வீட்டுக்கு அப்படித்தான் வந்தேன். சுவரில் ஒரு ஆணி அடிக்கிறதென்றாலும் அவளிடம் கேட்டுத்தான் அடித்தேன். இப்போது வீடு உன் தங்கச்சிக்கு, இப்போது அவளிடம் கேட்கிறேன். என் கையால் வயர் இழுத்த வீட்டில் என் மகளிடம் அனுமதி கேட்க எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அதை உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் அந்த வெட்கத்தை விழுங்கிய எனக்கு உட்கார்ந்து சாப்பிட ஒரு மேசை இருக்கிறது. உனக்கு அதுவும் இல்லை.

உன் மாமிக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்து ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்தார்கள். பின் அறை குசினியோடு ஒட்டியது, புகை அடிக்கும் என்று உன் பெண்சாதி உம்மாவின் கட்டிலை ஹோலில் கொண்டுவந்து போட்டாள். தன் வீட்டு ஹோலில், தன் உம்மாவுக்கு. அந்தக் கட்டிலுக்கு எதிரே நீ மைதான லைட்டைக் கட்டினாய். விடியற்காலை சுபஹுக்கு முன்னால் தொடங்கி இரவு இஷா முடியும்வரை எரிகிற மாதிரி டைமர் வைத்தாய். தகட்டை மூடச் சொல்லியிருந்தேன், மூடவில்லை. திறந்து கிடந்தால்தான் பார்க்க வடிவாம். அவர் முக்காட்டை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். "மருமகன், அந்த லைட்டக் கொஞ்சம் திருப்பி வைக்க ஏலாதா?" என்று கேட்டார். "செடிக்கு வெளிச்சம் வேணும் மாமி" என்று நீ சொன்னாய். இதை எனக்கு உன் பெண்சாதி சொல்லவில்லை, உன் மாமியும் சொல்லவில்லை. நீயே என் கடையில் நின்று சொன்னாய், நியாயம் உன் பக்கம் என்று நினைத்துக்கொண்டு சொன்னாய்.

பிறகு ஒரு பகல் அவர் எழுந்து, சுவரைத் தடவித் தடவிப் போய் சுவிட்சை அணைத்தார். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்தாய். "லைட்ட ஆரு நூத்த? இது என்ட வீடு. என்ட வீட்டுல நான் போட்ட லைட்ட ஒருத்தரும் தொடப்படாது" என்று கத்தினாய். பக்கத்து வீடுகளுக்குக் கேட்டது. உன் மகளுக்குக் கேட்டது. உன் மாமி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "ஓம் மருமகன், என்ட பிழதான்" என்றாராம். குசினியில் நின்ற உன் பெண்சாதி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஆர்ட வீடு? இன்னொருக்காச் செல்லுங்க" என்றாள். நீ இன்னொரு தடவை சொன்னாய். அந்த இரண்டாவது தடவைக்குத்தான் என்னால் உன்னை மன்னிக்க முடியவில்லை. முதல் தடவை கோபம், எல்லாருக்கும் வரும். இரண்டாவது தடவை உண்மையாகவே நம்பிச் சொன்னாய். "அப்ப வெளிய போங்க" என்று அவள் சொன்னதும் நீ உடுப்பை எடுக்கவில்லை, மகளைத் தூக்கி ஒரு முத்தம் கொடுக்கவில்லை. பிளக்கைக் கழற்றித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாய்.

அதை என் கடைக் கவுண்டரில் இறக்கி, "மாமி லைட்ட நூத்துச் செடியெல்லாம் செத்துப் போச்சி வாப்பா" என்று சொல்லிவிட்டுக் கூட்டாளியின் வீட்டு மேல்மாடிக்குப் போய்விட்டாய். நான் மூடியைத் திறந்து பார்த்தேன். உன் மாமி அணைத்த அந்தப் பகலால் எதுவும் சாகவில்லை, விஞ்ஞான சேர். ஒரு பகல் இருட்டு செடியைக் கொல்லாது என்று உன் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். கொன்றது நீ கட்டிய லைட். அழுகண்ணியின் பசைத் துளிகள் காய்ந்து இலை ஓரம் கருகியிருந்தது. குடுவைச் செடியின் மேல் இலைகள் வெளிறிப் போய்க் கிடந்தன, அடியில் போட்ட பாசி காய்ந்து நொறுங்கியது. அவித்தவன் நீ, பழி விழுந்தது கண் தெரியாத மனுஷியின் தலையில். கருகியதை வெட்டி எறிந்து, மழைத் தண்ணீர் ஊற்றி, முதலில் சொன்ன அதே டியூபைக் கட்டினேன். கொஞ்ச நாளில் குருத்து வந்தது, அழுகண்ணி நல்லாய்ச் சிவந்தது. உனக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் நீ கேட்கவில்லை. நீ கோல் எடுத்த நேரமெல்லாம் கேட்டது, "அவங்க ஏதும் செல்லி அனுப்பினாங்களா?" என்றுதான். இல்லை மகன், ஒருவரும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

உன் வொய்ஸ் வந்த அன்றே உன் உம்மா முன் அறையைக் கூட்டிக் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டுவிட்டாள். அது உன் தங்கச்சியின் மாப்பிள்ளை கம்பியூட்டர் வைத்து வேலை செய்கிற அறை. அவன் ஒரு வார்த்தை பேசாமல் மேசையை விறாந்தைக்கு இழுத்தான். அவன் பேசாத வார்த்தை எனக்கு நன்றாகவே கேட்டது. நான் உன் தங்கச்சியைக் கூப்பிட்டு, "மகள், உன்ட ரூமப் பூட்டட்டா?" என்று கேட்டேன். "நானா பாவம் வாப்பா" என்று தன் அண்ணனுக்காக அழுதாள். அழுது முடித்துச் சாவியைக் கொண்டுவந்து தந்தாள். உன்மேல் உயிரையே வைத்திருக்கிறவள் தந்த சாவி அது, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். மேசை திரும்ப உள்ளே போய்விட்டது. உன் உம்மா இப்போது என்னோடு கதைக்கிறதில்லை, சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள்.

நான் கல்நெஞ்சன் என்று சொல்லுவாய். சொல்லிக்கொள். உன் சாச்சாவை, என் தம்பியை, உனக்கு ஞாபகம் இருக்கும். பெண்சாதியோடு கோபித்துக்கொண்டு ரெண்டு நாளைக்கு என்றுதான் எங்கள் மூத்தவளான ராத்தாவின் வீட்டுக்கு வந்தான். ராத்தா இளகிய மனசுக்காரி, விறாந்தையில் கட்டில் போட்டுக் கொடுத்தாள். நாங்கள் எல்லாரும் இரக்கப்பட்டோம், போடா என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. இருந்தான், இருந்தான், தாடி வெளுக்கும்வரை இருந்தான். அவனுடைய மகளுக்குக் கலியாணம் வந்தது. நிக்காஹ்வுக்கு வலியாக, பெண்ணைக் கொடுக்கிற பொறுப்பாளியாக, பெண்ணின் வாப்பா வேண்டுமே, அதற்காக ஒரு வேன் அனுப்பினார்கள். போனான், மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளைக் கொடுத்தான், கையெழுத்து வைத்தான். அவளைக் கடைசியாகக் கண்டது அவள் பால்குடிப் பிள்ளையாக இருந்தபோது. ஒரே தட்டில் பல பேர் சேர்ந்து உண்கிற சஹன் சாப்பாட்டில் உட்காரச் சொல்ல யாருக்கும் நினைவு வரவில்லை. ஒரு சாப்பாட்டுப் பார்சலைக் கையில் கொடுத்து அதே வேனில் திருப்பி அனுப்பினார்கள். விறாந்தைக் கட்டிலில் இருந்து அந்தப் பார்சலை அவிழ்த்து ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றான். நான் பக்கத்தில் நின்றேன். அவனைக் கெடுத்தது அவன் பெண்சாதி என்று உன் உம்மா இன்னும் சொல்லுகிறாள். எங்கள் இரக்கம்தான் கெடுத்தது. உனக்கு அப்படி ஒரு கட்டிலை நான் போடமாட்டேன்.

நேற்றுப் பின்னேரம் அஸருக்குப் பிறகு சாய்ந்தமருதுக்குப் போனேன். சமாதானம் பேசப் போகவில்லை. உன் பெண்சாதி கோல் எடுத்திருந்தாள்: "மாமா, அந்தத் தொட்டியக் கொண்டு வந்து தாங்க. புள்ள எறும்பப் புடிச்சி டப்பாவுக்குள்ள வெச்சிக்கிட்டுத் தேடுறா. அவர் வரத் தேவல்ல, தொட்டி வந்தாக் காணும்." அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை. தொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஹோலின் நடுவில் நின்று, "மச்சி, எங்க வைக்க?" என்று உன் மாமியிடம் கேட்டேன். கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் பார்த்து ஒரு மூலையைக் காட்டினார், பிறகு தலையை ஆட்டி அலுமாரிக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினார். அங்கே வைத்தேன். டியூபைக் கட்டி, தகட்டை மூடி, அவர் எழும்புகிற படுக்கிற நேரத்தைக் கேட்டு டைமரைத் திருப்பினேன். அவர் கட்டிலில் படுத்துப் பார்த்தார், எழுந்து கதிரையில் இருந்தும் பார்த்தார். "இப்ப கண்ணுல படல்ல. காணும்" என்றார். செடிக்கு லைட் பார்க்கிற வேலை இவ்வளவுதான் மகன். செடிக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பது பாதி வேலை. அந்த அறையில் யார் படுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது மிச்சப் பாதி. நீ முதல் பாதியிலும் பிழைவிட்டாய்.

உன் மகள் டப்பாவைத் திறந்து ஓர் எறும்பை இலைக்குள் போட்டாள். இலை வாயை மூடியதும் கைகொட்டிச் சிரித்தாள். எனக்கும் ஒரு எறும்பு தந்து போடச் சொன்னாள். தேத்தண்ணி குடித்தேன், அவளோடு விளையாடினேன், பொழுது பட்டுப் பள்ளிவாசலில் மஃரிபுக்கு வாங்கு சொல்லும்வரை அங்கே இருந்தேன். அவள் உன்னைக் கேட்கவில்லை. இதை எழுதாமல் விடலாம் என்று பேனாவை வைத்தேன், பிறகு எடுத்தேன். கேட்கவில்லை மகன், ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

வெளிக்கிடுகிறபோது நான்தான் கேட்டேன்: "மச்சி, அவன் வந்தா?" உன் பெண்சாதி கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உன் மாமி பேத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். பிறகு, "வரட்டும். வந்து எனக்கு முன்னால நின்டு, இது ஆர்ட வீடெண்டு அவர்ட வாயால செல்லட்டும். புள்ளயும் நிக்கட்டும், அண்டைக்கி அவளும் கேட்டவதானே" என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன். உனக்காக மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் உன் வேலை லேசாகியிருக்கும்.

ஆகவே வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அங்கே போ. கேற்றை நீயாகத் திறக்காதே, யாராவது வந்து திறக்கும்வரை வெயிலில் நில். உள்ளே போனதும் தொட்டியின் பக்கம் பார்க்காதே, லைட்டைப் பற்றி வாயைத் திறக்காதே. கட்டிலுக்கு முன்னால் நின்று, "இது என்ட வீடில்ல மாமி, உங்கட மகள்ட வீடு" என்று சொல். தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கும், நின்றாலும் சொல். உன் மகள் கேட்கிறாள் என்று குரலைக் குறைக்காதே, அவள் கேட்கத்தான் வேண்டும். அந்த வீடு ஒரு நாள் அவளுடைய பெயருக்கு எழுதப்படும். நீயும் உன் பெண்சாதியும் பின் அறைக்குப் போவீர்கள். உன் கண்ணிலும் வெள்ளை படரும், அவள் இரக்கப்பட்டு உன் கட்டிலை ஹோலில் கொண்டுவந்து போடுவாள். அவளுடைய மாப்பிள்ளை உன் முகத்துக்கு நேரே எதையாவது எரிய வைப்பான். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, அதைக் கொஞ்சம் திருப்பி வைக்க ஏலாதா என்று அவனிடம் கேட்பாய்.

வாப்பா